அண்ணியின் ஒற்றை அலை

எங்கள் அண்ணி சீருடை தைக்கும் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். பதினாறு வருடமாக நின்றபடியே துணி வெட்டி, சாயங்காலம் வீங்கிய காலோடு வீடு திரும்புவார். நாற்பது வயதில் மாலைக் கல்லூரியில் டிப்ளமோ சேர்ந்தார். அதை முடித்தால் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் பிரிவில் ஒரு நாற்காலி. கணக்குப் பரீட்சை மட்டும் பாக்கி. அதில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தார். இந்த முறையும் போனால் நாற்காலி வேறொருவருக்கு.

கிராஃப் வரையும் கால்குலேட்டர் வேண்டும் என்றது கல்லூரி. விலையைக் கேட்டு அண்ணனுக்கு விக்கலே வந்துவிட்டது. நான்தான் பெரிய மேதாவி மாதிரி, "அதே வேலையைச் செய்யுற சாஃப்ட்வேர் இலவசமாவே இருக்கு அண்ணி. பரீட்சையிலயும் லேப் கம்ப்யூட்டர்ல அதுலயே போடலாமாம்" என்று வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன்.

பரீட்சைக்கு முந்தைய நாள் மதியம் அண்ணி சைன் அலையை வரைந்து பார்த்தார். 0 முதல் 360 வரை ஒரே ஓர் அலை வர வேண்டும். திரை முழுக்கக் கோடுகள் நெருக்கியடித்துச் சிக்கு விழுந்த நூலாக நின்றன. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே சிக்கு. என் மேலேயே எனக்கு எரிச்சல்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது தம்பி. நாளைக்கு நான் போகல, விடு." எழுந்த அண்ணி, மேசையில் கிடந்த டேப்பைப் பழக்கதோஷத்தில் கழுத்தில் போட்டார். போட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

டேப்பில் ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பக்கம் மாறிப் பார்த்து, நாற்பது இன்ச் பேன்ட்டை நாற்பது சென்டிமீட்டரில் வெட்டி வைப்பார்கள்.

"தம்பி, நான் டிகிரில கேக்குறேன். இது வேற எதுலயோ அளக்குது போல."

செட்டிங்கைத் திறந்தேன். கோணத்தை அளக்கும் அலகு ரேடியன் என்று இருந்தது. ஒரு ரேடியன் ஐம்பத்தேழு டிகிரிக்கும் மேல். பாவம், அது 360-ஐ ரேடியனாக எடுத்துக்கொண்டு ஐம்பத்தேழு அலைகளை ஒரே திரையில் அடைத்திருக்கிறது. டிகிரிக்கு மாற்றியதும் ஒற்றை அலை ஏறி இறங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் கல்லூரி வாசலில் காத்திருந்தேன்.

"அங்கயும் ரேடியன்லதான் கிடந்துச்சு," என்றார் அண்ணி. "மாத்திட்டுத்தான் கணக்கையே தொட்டேன்."

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், வேலை நேரத்தில் அண்ணியிடமிருந்து போன் வந்தது. பதறிப்போய் என்ன ஆச்சு என்றேன்.

"ஒண்ணும் இல்ல தம்பி. உக்காந்துக்கிட்டுப் பேசுறேன், அதச் சொல்லத்தான்."