சேனை வைக்கப்படாதவள்

எங்கள் சொந்தத்தில் பெண்டாட்டியை அடிக்கிறவனை மன்னித்துவிடுவார்கள்; இனிப்பு வேண்டாம் என்கிறவளை மன்னிக்க மாட்டார்கள். குன்னூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது பாகு போன்ற டீ. கூடவே ஒரு தட்டு வர்க்கி பிஸ்கட். நான் சர்க்கரை போடாத டீ கேட்பேன். "உனக்கு சுகரா கண்ணு?" என்பார்கள். இல்லை என்று சொன்ன மறுநொடி முகம் மாறிவிடும். சுகர் இருந்து மறுத்தால் பாவம், இல்லாமல் மறுத்தால் திமிர். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று யோசிக்கிற தலை எங்கள் குடும்பத்தில் பிறக்கவேயில்லை.

சின்ன வயதில் மிட்டாய் தின்றால் வாந்தி எடுப்பேன். வாழைப்பழம் தின்றாலும் அதே கதி. கைகால் வெடவெடக்கும், வேர்க்கும், வயிறு முறுக்கும். "நடிக்கறா" என்று அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். பிறகு இனிப்பைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். ஒரு லாபமும் உண்டு. எனக்கு ஒரு பல்கூடச் சொத்தையில்லை. என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன வாய்களில் பாதிக்கு மேல் இப்போது பொய்ப்பல்.

காரணம் தெரிந்தபோது எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. ஈரல் வீங்கியிருக்கிறது என்று கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் மருத்துவர்தான் கண்டுபிடித்தார். பழத்திலும் தேனிலும் சர்க்கரையிலும் இருக்கும் ஒருவகை இனிப்பைச் செரிக்கிற சத்து என் ஈரலில் பிறவியிலேயே இல்லையாம். அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தால் பிள்ளைக்கு வெளிப்படுமாம். "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். என் தங்கை கட்டியிருப்பதும் அத்தை மகனைத்தான். சொத்தும் ரத்தமும் வெளியே போய்விடக் கூடாது என்று நாங்கள் அவ்வளவு கவனமாக இருந்தோம்.

அப்போதுதான் என் அண்ணனைப் பற்றி யோசித்தேன். எனக்கு முன்னால் பிறந்து, பெயர் வைப்பதற்குள் செத்துப்போனவன். முதல் ஆண் வாரிசு. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அண்ணனுக்குச் சேனை வைக்க அடிதடி நடக்காத குறை. கடைசியில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தங்க மோதிரத்தைத் தேனில் தோய்த்து வைத்தார். அதோடு விட்டார்களா? தாய்ப்பால் சரியாக ஊறவில்லை என்று சர்க்கரைத் தண்ணீராகக் கொடுத்தார்கள். குழந்தை வாந்தி எடுத்தது, மஞ்சளானது, போய்விட்டது. கண் பட்டுவிட்டது என்று அண்டை வீட்டுக்காரியோடு பேச்சை நிறுத்தினார்கள்.

அடுத்துப் பிறந்தவள் நான். பெண். எனக்குச் சேனை வைக்க ஒருவரும் வரவில்லை. பெட்டைப் பிள்ளைக்கு என்ன குணம் வந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். அம்மா பாலை மட்டும் குடித்து நான் பிழைத்துக்கொண்டேன். அவர்களுடைய அன்பு அண்ணனைக் கொன்றது, அலட்சியம் என்னைக் காப்பாற்றியது. இதை நான் சொன்னால் வாய்க்கொழுப்பு என்பார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்கு எல்லாவற்றையும் முன்பே விளக்கியிருந்தேன். பரிசோதனை செய்து தெரிகிறவரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று மருத்துவர் சொன்னதையும் சொல்லியிருந்தேன். "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டாள். பெரியப்பா ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் அவளுடைய சரிக்கா காற்றில் போய்விட்டது.

பெரியப்பா இத்தலாரிலிருந்து வந்திருந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலமெல்லாம் டீயை உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பி, தரம் சொன்ன நாக்கு அது. உலகத்தில் உள்ள அத்தனையையும் நாக்காலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறவர். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன், விரலில் அதே மோதிரம். நர்ஸ் வெளியே போகும்வரை நல்ல பிள்ளையாகக் காத்திருந்துவிட்டுப் பாட்டிலைத் திறந்தார்.

"வேண்டாமுங்க பெரியப்பா" என்று தொட்டிலுக்கு முன்னால் நின்றேன்.

"ஒரு சொட்டுத்தான புள்ள. ஒரு சொட்டுல என்னாயிரும்?"

"அண்ணனுக்கு என்னாச்சுன்னு தெரியுமல்லங்க?"

"அது கண்ணு பட்டது. நீ ரெண்டெழுத்து படிச்சுப்போட்டு வந்து எங்களுக்குச் சொல்லித்தர்றயா?"

தங்கை கட்டிலிலிருந்து, "ஒரு சொட்டுத்தானக்கா, விடேன்" என்றாள். அவளைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் பெரியப்பா மேல்கூட வரவில்லை. மருத்துவர் சொன்னதை இவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. இவர்களுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். தேன் பாட்டிலை அவர் கையிலிருந்து பிடுங்கி மடக்மடக்கென்று குடித்தேன்.

தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பெரியப்பா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். "பாத்தயா? ஒண்ணுமில்லீல்ல? அமிர்தமாட்ட தேனு." பிறகு அந்தக் குளிரிலும் எனக்கு முதுகு நனைந்தது. விரல்கள் நடுங்கின. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது. கட்டிலுக்கடியில் இருந்த பேசினை இழுத்து வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் ஓடி வந்தார். நான் கேட்டபடி குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது வேறு வகை, என் உடம்பு ஏற்றுக்கொள்ளும். "சர்க்கரை ஆகாதுங்கறா, குளுக்கோஸ் மட்டும் எறங்குதா?" என்று பெரியப்பா கேட்டது அந்த நிலையிலும் என் காதில் விழுந்தது.

பெரியப்பா பாட்டிலைக் கவிழ்த்து, மிச்சமிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிச் சுழற்றினார். தீர்ப்புச் சொன்னார்: "பாகு கலந்திருக்கறானுங்க. கலப்படம். தேன் வித்த கோத்தகிரிக்காரன் ஏமாத்திப்போட்டான். இருங்க, நான் போயி நல்ல தேனாக் கொண்டாறேன்."

போனார். தங்கை என்னைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். குழந்தையை எடுத்துச் சால்வைக்குள் விட்டுக்கொண்டு, அறையில் இருந்த அவள் புருஷனிடம் கதவைத் தாழ் போடச் சொன்னாள். பெரியப்பா திரும்பி வந்து தட்டினார். அவள் திறக்கவில்லை. அவளிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

பரிசோதனை முடிவு வந்தது. குழந்தைக்கும் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து மேலே ஏறி வரும் பஸ்ஸில் தங்கை அழவில்லை, நான்தான் அழுதேன். இந்த ஆட்களுக்கு நடுவில் இவனும் காலம் முழுக்கத் தட்டைத் தள்ளித் தள்ளி வளர வேண்டுமே என்று துக்கமாக இருந்தது.

முதல் பிறந்த நாளுக்குத் தங்கை இட்லிகளை அடுக்கி அதன் மேல் மெழுகுவத்தி வைத்திருந்தாள். பெரியப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். ஊட்டியிலிருந்து இரண்டு அடுக்குக் கேக் வாங்கி வந்திருந்தார். அதை மேஜையில் வைத்ததுதான் தாமதம், பையன் தாவி இரண்டு கையையும் கிரீமுக்குள் விட்டுவிட்டான். அவனுக்கு என்ன தெரியும்? என்னை வாந்தி எச்சரித்தது. அவன் இதுவரை வாந்தி எடுத்ததில்லை. வாய்க்குப் போகும் முன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன். முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன்.

அவன் அழவில்லை. உதட்டைக் கோணி, என்னை மேலும் கீழும் பார்த்தான். நீயெல்லாம் ஒரு ஆளா என்று கேட்கிற பார்வை. கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற அதே மூஞ்சி.

"அப்பிடியே பெரியம்மாள உரிச்சு வெச்சிருக்கறான்" என்றார் பெரியப்பா. கேக்கைத் தின்றுகொண்டே என்னிடம் சொன்னார், "எனக்கு அப்பவே சந்தேகம். அன்னிக்கு யாருக்கும் தெரியாம நீதான் சேனை வெச்சுப்போட்ட."

"ஆமாங்க பெரியப்பா, நான்தான் வெச்சேன்" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் பையனின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.