சுவிட்ச் வைக்காத ராடார் கருவி

ராய்மோ ஹவுட்டகோஸ்கி பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். சேய்னயோக்கி ஊருக்குத் தெற்கே எண்பது கிலோமீட்டர் சுற்றளவில் அவன் கை படாத மாட்டுக்கொட்டகை கிடையாது. இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கம்பெனி சம்பளம் தரும். வண்டி அவனுடையது, ஓடிய கிலோமீட்டருக்குக் காசு.

இயந்திரம் நின்றுபோனால் பண்ணைக்காரன் போன் போடுவான். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போடுவான்.

"ஏப்பா ராய்மோ, எங்க வந்துட்டிருக்க? அறுபது மாடு கத்துது. நானும் கூடச் சேர்ந்து கத்தட்டுமா?"

மடி கட்டிக்கொண்டு நிற்கும் அறுபது மாடுகளுக்கு வேகவரம்பு புரியாது. ராய்மோவும் புரியவைக்க முயன்றதில்லை. எண்பதில் போகவேண்டிய சாலையில் நூற்றுப்பத்தில் போவான். இருபத்தைந்து வருஷம் அப்படியே ஓடியது. இருபத்தாறாவது வருஷம் மார்ச் பதினாலாம் தேதி ஒருமுறை பிடித்தார்கள். அக்டோபரில் மறுமுறை. ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது முறை என்றால் லைசென்ஸ் போய்விடும் என்று அந்த இரண்டாவது அபராதத் தாளிலேயே அச்சடித்திருந்தது. சர்வீஸ் பிரிவின் தலைவன் தாபியோவுக்கு அச்சடித்த தாளெல்லாம் தேவைப்படவில்லை.

"வர்ற மார்ச் பதினாலுக்குள்ள போலீஸ்கிட்டேருந்து இன்னொரு காகிதம் உன் பேர்ல வந்துச்சுன்னா, டூல்பாக்ஸை இந்த மேசைமேல வச்சுட்டுப் போயிடு. எதுக்கு வந்துச்சுன்னுகூட நான் கேக்கமாட்டேன்."

ஆக, அடுத்த மார்ச் பதினாலு வரை இன்னொரு காகிதம் வரக்கூடாது. ஐம்பத்தாறு வயதில் இந்தப் பக்கம் வேறு வேலை யார் தருவார்கள்? மனைவி இர்மெலி சுலபமான வழி ஒன்று சொன்னாள்: "எண்பதுல போ."

"பண்ணைக்காரன் என்ன சொல்வான்?"

"என்ன வேணாலும் சொல்லட்டும். அவனா உனக்கு லைசென்ஸ் குடுத்தான்?"

அந்த வழி ராய்மோவுக்குப் பிடிக்கவில்லை. இயந்திரத்தால் வந்த தொல்லையை இயந்திரத்தால்தான் தீர்க்கவேண்டும் என்பது அவன் கட்சி. வெளிநாட்டிலிருந்து ஒரு ராடார் உணர்வி வரவழைத்தான். சாலையோரம் போலீஸ் வேகம் பார்க்க நீட்டிப் பிடிக்கும் ராடாரின் அலையைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துச் சொல்லும் பெட்டி. நாட்டில் அதற்குத் தடை. வண்டியில் வைத்திருந்தாலே குற்றம். கண்ணாடியில் ஒட்டவைக்கும் மலிவு ரகம் அல்ல இது. வண்டியின் உடம்புக்குள்ளேயே பொருத்துவது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பொருத்தித் தரமாட்டார்கள். ராய்மோவுக்கு ஒர்க்‌ஷாப் எதற்கு?

இர்மெலி நகராட்சியின் வீட்டு மருத்துவப் பணியில் இருந்தாள். தனியாக இருக்கும் கிழடுகளின் வீட்டுக்குப் போய் ஊசி, மாத்திரை, குளியல் எல்லாம் பார்த்துக்கொள்வாள். டிசம்பர் தொடக்கத்தில் அவளுக்கு வேலை முறை வந்த ஒரு சனி ஞாயிறு, ராய்மோ கராஜுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குளிரில் பிளாஸ்டிக் பொடிந்துவிடும் என்பதால் பம்பர் சூடேறும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பிடிப்பாக நெம்பிக் கழற்றினான். உணர்வி ஒரு சிகரெட் பாக்கெட் அளவுதான். அதன் முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் இருக்கலாம், இரும்பு இருக்கக்கூடாது. நம்பர் பலகைக்குக் கீழே, குறுக்குச் சட்டத்துக்கு இரண்டு விரல் தள்ளி, அதற்கென்று வளைத்த தகட்டில் முடுக்கினான். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். அரை டிகிரி மேலே தூக்கியிருந்தது. வாஷர் ஒன்று கொடுத்துச் சரிசெய்தான்.

ஒயரை எஞ்சின் பக்கமிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். இரும்புச் சுவரிலிருந்த ரப்பர் அடைப்பில் ஊசியால் துளையிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, அங்குலம் அங்குலமாகத் தள்ளினான். வண்டிக் கம்பெனியே சுற்றியதுபோல இருக்கட்டும் என்று துணி டேப்பைச் சுற்றி, அதன்மேல் பழைய கிரீஸும் மண்ணும் கலந்து தேய்த்தான். இருக்கைச் சூட்டுப் பட்டனுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஒரு வெற்றுப் பட்டனைக் குடைந்து மிளகளவு சிவப்பு விளக்கு வைத்தான். ஸ்டீரிங் தண்டுக்கு அடியில் சின்னதாக ஒரு பஸ்ஸர்.

பெட்டியோடு ஒரு சுவிட்சும் வந்திருந்தது. அதை மேசை இழுப்பறையில் போட்டான். இருபத்தாறு வருஷத்தில் அவன் பார்த்த பழுதுகளில் பாதி, யாரோ ஒருவர் ஒரு சுவிட்சைப் போட மறந்ததால் வந்தவை. மனுஷன் மறப்பான், ஒயர் மறக்காது. சாவியைத் திருப்பினாலே தானாக உயிர் வருமாறு ஃபியூஸிலிருந்து நேரே இணைத்தான்.

சோதித்துப் பார்க்கக் கூட்டுறவுக் கடைக்கு ஓட்டிப்போனான். அங்கே தானாகத் திறக்கும் கதவு இருந்தது. அதுவும் அதே மாதிரி அலையைத்தான் விடும். கடைக்குள்ளிருந்து யாராவது ரொட்டியும் பாலுமாக வெளியே வரும்போதெல்லாம் பஸ்ஸர் முனகியது. ராய்மோ அரைமணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முனகலை எழுப்புவதை ரசித்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் சிரித்தது அநேகமாக அன்றைக்குத்தான்.

சாயங்காலம் இர்மெலி கையைப் பார்த்துவிட்டாள். "நகமெல்லாம் கிரீஸு. என்ன பண்ணின?"

"வண்டியோட பனிவிளக்கு ஆடிட்டிருந்துச்சு."

"ரெண்டு நாளா ஆடிச்சா?"

அவன் சோப்பை எடுத்தான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி ஒரு சாமான் வண்டியில் ஏறினால் தான் ஏறமாட்டேன் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆறு வாரம் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. மூன்று முறை முனகியது, மூன்று முறையும் போலீஸ் நின்றுகொண்டிருந்தது, ராய்மோ யோக்கியனாகக் கடந்துபோனான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் ஒரு கொட்டகையில் வேக்குவம் பம்பைத் தனியாகத் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டு, சமையலறை பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. முற்றத்தில் எஞ்சின் ஹீட்டருக்கு மின்சாரம் தரும் கம்பம் ஒன்றே ஒன்றுதான். அதில் எப்போதும் ராய்மோவின் வண்டிதான் மாட்டியிருக்கும். தூரம் போகிறவன் அவன்தானே. இர்மெலியின் சின்ன வண்டி கராஜ் சுவரோரம் உறைந்து நின்றது. அவள் இரண்டு நிமிஷம் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னோடது முனகக்கூட இல்ல. உன்னோடதை எடுத்துட்டுப் போறேன்."

ராய்மோ தலையைத் தூக்கினான். முதுகு சுரீர் என்றது. "டாக்ஸி சொல்லேன்."

"டாக்ஸியா? ஏழரைக்கு எய்னாரி கிழவருக்கு இன்சுலின் போடணும். எனக்கப்புறம்தான் அவர் வாயில கஞ்சி வைக்க முடியும். நகராட்சி எனக்கு டாக்ஸி அனுப்புமா? உனக்கு முதுகு பிடிச்சிருக்கா, மூளை பிடிச்சிருக்கா?"

"இல்ல, ரோடு வழுக்கும்..."

"ரோடு எந்த வருஷம் வழுக்கல?"

அவள் வெளியே போய் ஒயரைப் பிடுங்கி, கம்பத்தில் சுருட்டி மாட்டுவது ஜன்னல் வழியே தெரிந்தது. குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். ஒரு நாள்தானே, இவள் எண்பதைத் தாண்டவே மாட்டாளே, இவளை யார் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். வண்டி தெருவில் திரும்பியது.

போலீஸிடமும் ஒரு மோப்பப் பெட்டி உண்டு. உணர்வியையே உணர்கிற பெட்டி. அது ராய்மோவுக்கு நன்றாகவே தெரியும். விலை கூடுதலாக இருந்தாலும் இந்த ரகத்தை அவன் வாங்கியதே, இது அதற்கும் அகப்படாது என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால்தான்.

மூன்று மணிக்கு அவள் திரும்பினாள். பம்பரின் இடது பக்கம் வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றி, நேற்றே ஊறப்போட்டிருந்த பட்டாணியை எடுத்து சூப்புக்கு அடுப்பில் வைத்தாள். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். அது கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சர்ச்சுத் திருப்பத்துல நிறுத்தினாங்க. ஆல்போவும் வேற ஊர்ப் பையன் ஒருத்தனும்."

ஆல்போ உள்ளூர்ப் போலீஸ்காரன். அவனுடைய அம்மாவை வாரம் மூன்று நாள் குளிப்பாட்டிவிடுவது இர்மெலிதான்.

"நான் எழுபத்தஞ்சுலதான் போனேன். ஸ்வெட்டர் பின்ற ஊசி வண்டியில இருந்தாக்கூட மறைக்காம சொல்லியிருப்பேன். அவங்ககிட்ட இருந்த பெட்டி கத்துச்சாம். ராடார் பெட்டி இருக்கான்னு அந்தப் பையன் கேட்டப்ப சிரிச்சேன். 'பிரிச்சுப் பாரு தம்பி'ன்னேன். பெட்ரோல் பங்க் ஷெட்டுல வச்சுப் பிரிச்சாங்க. அழகா வச்சிருக்கியாம். அந்தப் பையன் போட்டோ எடுத்துக்கிட்டான்."

ராய்மோ பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "யாரோடதுன்னு கேட்டாங்களா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதைத்தான் முதல்ல கேப்பேன்னு நினைச்சேன். எய்னாரி என்னானாருன்னு கேக்கமாட்டேன்னும் நினைச்சேன்."

"என்னானாரு?"

"ஒண்ணேகால் மணி நேரம் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னாடி தொடாம உக்காந்திருந்தாரு. 'சீக்கிரம் வந்துட்டியேம்மா'ன்னாரு. அவருக்கு மணி தெரியறதில்ல. அவர் பொண்ணுக்குத் தெரியும். போன்ல இருந்தா."

சூப் பொங்கியது. அவள் தீயைக் குறைத்தாள்.

"ஆல்போ கேட்டான். என்னோடதுன்னு சொன்னேன்."

"இர்மெலி..."

"மார்ச் வரைக்கும் உன் பேர்ல காகிதம் வரக்கூடாதுன்னு அம்பது தடவை சொல்லியிருக்க. நான் செவிடா? ஆல்போ நம்பல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு எழுதினான். 'திங்கட்கிழமை வரைக்கும் இதை என் மேசையிலயே வச்சிருக்கேன், ராய்மோவுக்கு ஏதாவது சொல்லணும்னா வரச்சொல்லு'ன்னான். சொல்லிட்டேன். கடுகு விழுது எடு."

அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராய்மோ பம்பரை ஒழுங்காக மாட்டினான். சனிக்கிழமை சௌனா என்ற நீராவிக் குளியலறையில் எப்போதும்போலச் சேர்ந்து உட்காராமல் அவள் முன்னதாகவே குளித்துவிட்டு வந்துவிட்டாள். அவன் தனியாக உட்கார்ந்து கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி யோசித்தான். அபராதம் யார் கட்டினால் என்ன, வீட்டுப் பணம்தான். அவளுக்குப் போலீஸ் கணக்கு எதுவும் கிடையாது, ஒரு தாள் அவளை ஒன்றும் செய்யாது. தன் வேலை போனால் இருவருக்கும்தான் கஷ்டம். ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. எல்லாம் சேர்ந்து ஏன் அசிங்கமாக இருந்தது என்பதுதான் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இர்மெலி இஸ்திரிப் பலகையை விரித்து அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்தாள். சாவு வீட்டுக்கும் வங்கிக்கும் அவன் போட்டுக்கொண்டு போகும் சட்டை. தேய்த்துப் படுக்கையறைக் கதவில் மாட்டினாள்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பிப்போகும்வரை ராய்மோ படுக்கையிலேயே கிடந்தான். பிறகு எழுந்து வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, குரிக்காவில் ஒரு பண்ணைக்குப் போனான். எண்பதிலேயே போனான். சாயங்காலம் வந்தபோது சட்டை அலமாரிக்குள் போயிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? கடைக் கதவு திறக்கும்போது, "ஒதுங்குங்கப்பா, இர்மெலி ராடார் போட்டுட்டு வர்றா" என்று யாராவது சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கூடையை எடுப்பாள். எய்னாரியின் மகள் தாம்பெரேயிலிருந்து நகராட்சிக்கு எழுதினாள்: நோயாளியைப் பட்டினி போட்டுவிட்டு, திருட்டுக் கருவி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டும் பணியாளர் எங்களுக்கு வேண்டாம். இர்மெலியைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார்கள். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்வந்தவளை முதியோர் இல்லத்தின் சலவை அறையில் போட்டார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. "சம்பளம் அப்படியேதானே" என்று ராய்மோ ஒருமுறை சொன்னான். "ஆமா, போர்வைங்க பேசறதில்ல, அதுதான் வித்தியாசம்" என்றாள்.

மார்ச் பதினாலு வந்தது. ராய்மோ வேலை முடிந்து வரும்போது பேக்கரியில் நிறுத்தி, அவளுக்குப் பிடித்த பாதாம் விழுது வைத்த பன் இரண்டு வாங்கிவந்தான். அவள் மேசையில் காப்பியோடு உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். சலவை மருந்தில் அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"இன்னிக்குத் தேதி பதினாலு" என்றான்.

"தெரியும்."

"முதல் அபராதம் கணக்குலேருந்து போயிடுச்சு. இனி ஒண்ணு வந்தாலும் லைசென்ஸ் போகாது. தாபியோ கத்துவான், அவ்வளவுதான். நான் நாளைக்கு ஆல்போகிட்ட போறேன். பெட்டி என்னோடதுன்னு எழுதிக் குடுத்துடறேன்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "எழுதிக் குடுத்தா?"

"நகராட்சியில உண்மை தெரியும். உனக்கு உன் வீடுங்க திரும்பக் கிடைக்கும்."

"ராய்மோ, நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னோடதுன்னு. நீ போய் உன்னோடதுன்னு சொன்னா நான் யாரு? போலீஸ்கிட்ட பொய் எழுதிக் குடுத்தவ. இப்ப மத்தவங்க அழுக்கையாவது துவைக்க விடறாங்க. அதுவும் போகணுமா?"

இந்தப் பக்கத்தை அவன் யோசித்திருக்கவில்லை.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"இப்ப ஒண்ணும் இல்ல. பண்ண வேண்டிய நாள் ஒண்ணு இருந்துச்சு. அன்னிக்குக் குரிக்காவுல உனக்கு வேலை இருந்துச்சு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ராய்மோவும் நாலு வார்த்தை பேசியிருப்பான். அவன் பன் பொட்டலத்தின் நூலை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு விழுந்துவிட்டது. அதை நகத்தால் நோண்டிக்கொண்டிருக்கும்போது மேசைமேல் போன் அதிர்ந்தது. ஏதோ பண்ணை. இரண்டாவது முறையும் அதிர்ந்தது.

"எடு" என்றாள் இர்மெலி, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாடுங்க நிக்குது. உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே."