கேழ்வரகில் புதைத்த போன்

பேசி முடித்த செல்போன் கன்னத்தில் வெதுவெதுவென்று சுடும். பெங்களூரில் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் வேலை செய்த எங்கள் அப்பா அதற்குள்தான் இருக்கிறார் என்பதுபோல, அந்தச் சூடு ஆறும்வரை என் தங்கை செல்வி அதைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சித்தேரி மலையில் எங்கள் "வூடு". போன் வாங்குவதற்கு முன்பு அப்பா மாதக் கடைசியில் தவறாமல் அரூர் பஸ்ஸில் வந்து இறங்குவார். போன் வந்ததும், தினமும்தான் பேசுகிறோமே, எதற்கு அலைச்சல் என்றாயிற்று. மாதம் இரண்டாகி, பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தார். எங்களுக்கும் அது குறையாகப் படவில்லை. மணி அடித்தால் வீட்டில் சிரிப்பு. மழையில் சிக்னல் போனால் செல்வி சாப்பிட மாட்டாள், அம்மா காரணமில்லாமல் எங்களை அடிப்பாள்.

ஓர் ஐப்பசியில் அந்தப் போன் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றி வைத்த "கழனித்தொட்டி"க்குள் விழுந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். ரேஷன் அரிசி தீர்ந்துபோயிருந்ததால் அம்மா கேழ்வரகுப் பானையில் புதைத்தாள். சில நாள் கழித்து அரூர்க் கடைக்குக் கொண்டுபோனால், சார்ஜர் குத்தும் ஓட்டைக்குள் புகுந்த கேழ்வரகு ஊறி, உப்பி, முளைவிட்டிருந்தது. கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இன்னும் நாலு நாள் உட்டிருந்தா நாத்து புடுங்கி நட்டிருக்கலாம்ங்க" என்றார்.

வேறு போன் வாங்க வழியில்லை. அப்பாவின் எண்ணும் அதற்குள்தான் இருந்தது; எங்களில் யாருக்கும் மனப்பாடம் இல்லை. செல்வி சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழவே இல்லை.

அந்த வாரமே ஒரு காலை பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். கையில் கம்பு, இடது பாதத்தில் கட்டு. சாரத்திலிருந்து விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தினமும் போனில் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லியிருக்கிறார். நாங்களும் நம்பிச் சிரித்துப் பேசியிருக்கிறோம். இப்போது போன் போகாததால், எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து கட்டோடு கிளம்பியிருந்தார்.

"ஏன் மல்லிகா, உசுரோடதான இருக்கீங்க, ஒரு போனு பண்ணக் கூடாதா?" என்றார்.

அம்மா அவர் காலைப் பார்த்தபடி, "நீ தெனமும் பண்ணியே மாமா, இத சொன்னியா?" என்றாள்.

கால் ஆறும்வரை அப்பா வீட்டில் இருந்தார். அந்தக் காலுக்கு எண்ணெய் தடவும் வேலையைச் செல்வி யாருக்கும் விட்டுத்தரவில்லை. பிறகு புதுப் போனும் வந்தது, ஆனால் மாதக் கடைசி பஸ்ஸை அப்பா அதன்பின் தவறவிடவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற நான் இப்போது போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றுகிறேன். போன் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அதைக் குறை சொல்லவும் மாட்டேன். மலையில் இன்று சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது, பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க நிற்கும் கூட்டம்தான் இல்லாமல் போய்விட்டது. போன வாரம் வீடியோவில் என் மகளிடம், என் இடுப்பு வரைக்கும் வளர்ந்திருக்கிறாயா, நெஞ்சு வரைக்குமா என்று கேட்டேன். திரையில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"வந்து பக்கத்துல நின்னு பாருப்பா" என்றாள்.

லாரியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். மலைக்குப் போக நான் இறங்க வேண்டிய மொரப்பூர் வர இன்னும் இரண்டு ஸ்டேஷன்தான்.