காமிக்ஸ் அட்டையில் குங்குமம்

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அமெரிக்காவில், இர்விங் நகரத்தில் ஓர் உணவகத்தில் சமைக்கிறேன். டிவியில் அடகுக்கடை நிகழ்ச்சி வந்தால் நகரமாட்டேன். பழைய பொருளைக் கொண்டுபோனால் நிபுணரை வரவழைப்பார்கள். சிரித்துக்கொண்டே பேரம் பேசுவார்கள்.

மகனின் கார் பழுதானது. கார் இல்லாவிட்டால் வேலை போய்விடும். அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய காமிக்ஸை அடகு வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

கடையில் எந்த நிபுணரும் வரவில்லை. கடைக்காரன் உறையிலிருந்து புத்தகத்தை உருவித் திருப்பினான்.

"வாட் இஸ் திஸ்? கெச்சப்?"

போன சரஸ்வதி பூஜையன்று மகனுக்குத் தெரியாமல் அதையும் சாமி படத்தின் முன் வைத்திருந்தேன். முன்பக்கப் படம் கெடக்கூடாதென்று பின் அட்டையில்தான் சந்தனமும் குங்குமமும் இட்டேன்.

"டிட் யூ ஓப்பன் திஸ், அப்பா?"

"நானா? நீ வாங்கும்போதே இருந்திருக்கும்டா."

"இட்ஸ் குங்குமம். ஐயாம் நாட் ஸ்டுப்பிட்."

கடைக்காரன் இருபது டாலர் என்றான். டிவியில் பார்த்தபடி நான் "ஹண்ட்ரட்" என்றேன்.

"டூ மச் டிவி, சார்," என்று வாசலைக் காட்டினான். எரிச்சலாக வந்தது. மகன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினான்.

வேலை போகவில்லை. நண்பனின் காரில் போய்வருகிறான். என்னோடுதான் பேச்சில்லை. அங்கேயே "நான்தான் வச்சேன்" என்று ஒப்புக்கொண்டிருந்தால் கத்தியிருப்பான். கத்தியிருக்கட்டுமே. இப்போது "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான்.