பீர் காய்ச்சிய பெண்களைப் பாடமாக்கியவர்

கடந்த புதன்கிழமை முற்பகல், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் சுடலைமணி அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார். "உவரியில இருந்து போன் வந்துச்சு டீச்சர். ஜெசிந்தா டீச்சர் காலைல தவறிட்டாவளாம்" என்றார். மாணவிகளிடம் அடுப்புகளை அணைக்கச் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் பெண்கள் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியையாக இருந்தவர் ஜெசிந்தா அவர்கள். உவரியில் கட்டுமரம் தள்ளும் குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். முதுகலை மாணவிகளுக்கு அமெரிக்க வரலாறு நடத்தினார். போர்களையும் சட்டங்களையும் சட்டென்று முடித்துவிடுவார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து அமெரிக்காவில் குடியேறிய சாதாரண சனங்கள் காலையில் எழுந்து என்ன சாப்பிட்டார்கள், எதைக் குடித்தார்கள் என்பதில்தான் நின்று நடத்துவார். சென்னைக்கு அப்பால் ரயில் ஏறாதவர், அந்த ஊர்களை அடுத்த தெருவைப் போலப் பேசுவார்.

நான் முக்கூடலிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த புதிதில், ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, "காந்திமதி, ஈஸ்ட் எவ்வளவு சூட்டுல செத்துப்போகும்?" என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"அங்க வீட்டுக்கு வீடு பொம்பளைங்கதான் பீர் காய்ச்சிருக்காவ. வெறுந்தண்ணிய அவ்வளவா நம்பமாட்டாவ. தவிட்டையும் வெல்லப்பாகையும் கொதிக்க வச்சு, ஆறவிட்டு, போன தடவை மிச்சம் வச்ச நுரையை ஊத்துவாவ, அதுலதான் புளிக்க வைக்குற ஈஸ்ட் இருக்கு. தானியம் இல்லைன்னா பூசணிக்காயைப் போட்டுக் காய்ச்சுவாவ. போதை ரொம்பக் கம்மி, சின்னப் பிள்ளையளும் குடிக்கும். சூட்டோட நுரையை ஊத்தினா ஈஸ்ட் செத்துரும்லா? தெர்மாமீட்டர் கிடையாது. சூடு ஆறிருச்சுன்னு காய்ச்சினவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"விரலை விட்டுப் பாத்திருப்பா அக்கா" என்றேன்.

"அந்த விரலை யாரும் எழுதி வைக்கல காந்திமதி. புருஷன் செத்தப்ப சொத்துக் கணக்குக்கு எடுத்த சாமான் பட்டியல்ல அவ பாத்திரம் மட்டும் இருக்கு. பேரு கூட இல்ல."

முந்நூறு வருஷத்துக்கு முன் கடலுக்கு அப்பால் அடுப்பு மூட்டியவளுக்காக ஒருவர் என் முன்னால் நின்று கண் கலங்கியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பாடம்தான் அவருக்கு வினையாயிற்று. பெண்பிள்ளைகளுக்குச் சாராயம் காய்ச்சக் கற்றுக்கொடுக்கிறார் என்று ஒரு மாணவியின் தந்தை நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். ஈஸ்டைப் பற்றி என்னிடம் கேட்டிருந்ததால் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா அக்கா குரலை உயர்த்தவில்லை.

"எங்க அப்பா குடிச்சே செத்தவரு. எங்கம்மா மீன் பெட்டி சுமந்து எங்களை வளத்தா. குடின்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பொம்பளைங்க செஞ்சது வீட்டு வேலை. நான் அதைத்தான் நடத்துதேன்."

ஆனாலும் அந்தப் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நான் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். அதற்காக அவர் கடைசிவரை என்னைக் குறை சொன்னதில்லை. அன்று வெளியே வந்து என்னோடு காப்பி குடித்துவிட்டு, மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போனார்.

அந்த ஆண்டுதான் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. பாதைகள் அறுந்துபோயின. விடுதியில் இருநூறு பெண்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். குழாயில் செம்மண் கரைசல்தான் வந்தது. இரண்டாம் நாள் ஐந்து பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடுதிக் காப்பாளர் ஊரில் இல்லை. ஜெசிந்தா அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, சோறு பொங்கும் அண்டாவை முற்றத்துக் கூரைக்கடியில் தூக்கி வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னார். விறகெல்லாம் நனைந்திருந்தது. "எங்க டிபார்ட்மென்ட் பெஞ்சை உடைங்க" என்றார். நாங்கள் தயங்கினோம். முதல் பெஞ்சை அவரே உடைத்தார். நான் போய் இரண்டாவதைப் பிடித்தேன்.

அடுத்த நான்கு நாளும் அந்த அடுப்பு அணையவில்லை. தண்ணீரில் புகை நாற்றம் என்று பெண்கள் முகம் சுளித்ததும், சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டார். நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். ஐந்து பேரும் பிழைத்தார்கள். ஆறாவதாக ஒருத்தி படுக்கவில்லை.

அண்டாவைக் கிண்டிக்கொண்டே ஒருமுறை சொன்னார்: "அந்த பீர் காய்ச்சினவளுக்குக் காரணம் தெரியாது காந்திமதி, ஆனா கொதிக்க வச்சா. நமக்குக் காரணம் தெரியும், வைக்கமாட்டோம்."

நான்காம் நாள், புகார் கொடுத்த அந்தத் தந்தை இடுப்பளவு தண்ணீரில் நடந்து மகளைத் தேடி வந்தார். ஜெசிந்தா அக்கா அவருக்கு ஒரு தம்ளர் சுக்கு நீர் நீட்டினார். குடித்தார். அடுப்பருகே குந்தி, ஒரு மணி நேரம் விறகு தள்ளிக் கொடுத்துவிட்டு மகளோடு போனார். இரண்டு வருடம் கழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் அமெரிக்கப் பாடத்தை ஜெசிந்தா அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். "சரி" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை உவரியில் அடக்கம். அவர் தெருவிலிருந்து ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்தபின் கரையில் நின்றிருந்த என்னிடம் அவருடைய தம்பி ராயப்பன் வந்தார். "டீச்சர், எங்க அக்கா காலேஜ்ல என்னதான் பாடம் எடுத்தாவ? நாங்க கேட்டதே இல்ல" என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். தூரத்து ஊர், குளிர், தவிடு, பெரிய பாத்திரம், பேர் தெரியாத ஒருத்தி. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மணலில் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் காதில் கை வைத்து முன்னால் நகர்ந்து வந்தார். வெயில் தாழும்வரை ஒருவரும் எழவில்லை.

அக்கா, உங்கள் வகுப்பை அன்று நான் எடுத்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்று வாருங்கள்.