பால்குடமும் ஒரு சிட்டிகைத் தூளும்

என் மாமனார் முப்பது வருஷம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பெட்டியின் மேலிருக்கும் குறியைப் பார்த்தே உள்ளே என்ன சரக்கு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டில் நான் ஒரு பொட்டலத்தை ஒளித்து வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான்.

அறுபதுகளின் நடுவில் சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில், மசாலா அரைக்கும் மில்லுக்கு மேலே, இரண்டு அறைகளில் குடியிருந்தோம். என் கணவர் பஸ் கண்டக்டர். நான் ஒரு சோயா சாஸ் தொழிற்சாலையில் சோதனைக்கூட உதவியாளர். எங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது நாள் கிடந்தான். வீட்டில் நான் பீய்ச்சிக் கொடுத்த பாலைச் சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டு, தினமும் இரண்டு வேளை நடந்தே போய் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தவர் மாமனார்தான். “இவன் பொழைச்சு வீட்டுக்கு வந்தா பால்குடம் எடுக்கறேன் முருகா” என்று அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே வேண்டிக்கொண்டாராம்.

மகன் வந்தான். நான் வேலைக்குத் திரும்பியதும் பகலெல்லாம் தொட்டிலை ஆட்டியவரும் அவரே. தைப்பூசம் நெருங்கவும் நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினார். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. அந்த ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை. அவர் பாதிச் சோற்றோடு எழுந்து போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் சாஸுக்குப் போடும் வெள்ளைச் சுவைத்தூளில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். ரசத்துக்கு ஒரு சிட்டிகைதான். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்தவர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டார்.

“இந்தக் குறி எனக்குத் தெரியாதாம்மா? எப்பவும் கருவாட்டு மூட்டையோட ஒண்ணா இறங்கற சாமான். மீன் முள்ளை இடிச்சுச் செய்யறதுன்னு கிடங்குல எல்லாரும் சொல்வாங்க.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “விரதம் இருக்க இருக்க ரசம் ருசிக்குதேன்னு பார்த்தேன். முருகன் அருள்னு நெனச்சுட்டேன்” என்றார். பிறகு எழுந்து போய், துலக்கி வைத்திருந்த பித்தளைக் குடத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக என் மேலேயே கோபம் வந்தது. மீன் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கும் தெரியாதே! மூட்டை மூட்டையாக அந்தத் தூளை நிறுத்துக் கொடுத்தவள், அது எதிலிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் முதல் வேலையாக எங்கள் ரசாயனரிடம் போய் நின்றேன். அவர் சீனர்; என்னோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். “இக்கான் தாடா லா!” என்று சிரித்தார், மீனே கிடையாது என்று. முன்பெல்லாம் கோதுமை மாவைப் பிசைந்து அலசினால் மிஞ்சுகிற பசையிலிருந்து எடுத்தார்களாம். இப்போது கரும்புப் பாகில் ஒரு கிருமியை வளர்க்கிறார்கள். பாலைத் தயிராக்குவது போலத்தான். கிடைப்பது குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம். அதன் உப்புதான் நம் தூள். நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்கிறது, மூளைக்கும் குடலுக்கும் அது வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனவர், கடைசியில் ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் மாமனார் தொட்டில் பக்கத்தில் இருந்தார். கோதுமை, கரும்பு எல்லாம் சொன்னேன்.

“விக்கறவன் வேற என்னம்மா சொல்வான்?”

“மாமா, தக்காளியில அது இருக்கு. பசும்பால்லயும் கொஞ்சம் இருக்கு. அதைவிட ரொம்ப அதிகமா இருக்கறது தாய்ப்பால்லதானாம். அது அசைவம்னா, உங்க பேரன் பொறந்ததுலேர்ந்து அசைவம்தான்.”

தொட்டில் நின்றது. குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப அந்த இருபது நாளும் நான் புட்டியில எடுத்துட்டுப் போனேனே, அதுலயும் இருந்துச்சா?”

“அதுலயும்தான் மாமா.”

அவர் எழுந்து பெட்டியைத் திறந்து குடத்தை எடுத்தார். “கொஞ்சம் புளி கொடும்மா” என்றார். ஏற்கெனவே பளபளத்த குடத்தை மறுபடியும் தேய்த்தார். அந்த வாரம் முழுக்க ரசத்தில் நான் எதுவும் போடவில்லை, அவரும் கேட்கவில்லை.

அப்போதெல்லாம் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்குடம் சுமந்த அவர் கூடவே டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்தேன். நல்ல வெயில். “தலை கனக்குதா மாமா?” என்று வழியில் கேட்டேன்.

“இதுவா? எனக்குப் பழகின சுமைதானேம்மா. புட்டியிலேர்ந்து குடத்துக்கு மாத்தியிருக்கேன், அவ்வளவுதான்” என்றார்.