சாராயத் தகடு தேடி மட்டக்களப்புக்கு

நான் குடிப்பதில்லை. ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு அலுமாரியில் குடியோடு சம்பந்தப்பட்ட நாற்பத்தாறு பொருட்கள் இருக்கின்றன. எல்லாமே கழுத்துத் தகடுகள். அந்தக் காலத்துப் பங்களாக்களில் மதுவைப் பீப்பாயிலிருந்து மூடிபோட்ட கண்ணாடிக் குடுவைகளில், அதாவது டிகாண்டர்களில், ஊற்றி வைப்பார்கள். எதில் எது என்று தெரிவதற்காகக் குடுவையின் கழுத்தில் சங்கிலி கோத்த சிறு வெள்ளித் தகடு ஒன்று தொங்கும். பிராந்தி, ஜின், ரம், மதேரா எல்லாம் என்னிடம் உண்டு. நம் நாட்டுச் சாராயத்துக்கான தகடு மட்டும் எட்டு வருடமாகத் தேடியும் கிடைக்காமல் இருந்தது. சென்ற ஜூலையில் மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பம் ஒன்றின் வீட்டுப் பொருட்கள் ஏலத்துக்கு வருவதாகத் தோழி ஒருத்தி படம் அனுப்பினாள். படத்தில், சாராயத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘அரக்’ என்ற பெயர் பொறித்த தகடு ஒன்று இருந்தது. வேலை செய்யும் மருந்துக்கடையில் மூன்று நாள் லீவு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.05க்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில். இரண்டாம் வகுப்பு முன்பதிவுக்கு 1,800 ரூபா கொடுத்தேன். மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேரவேண்டிய வண்டி 3.20க்குத்தான் சேர்ந்தது. பொருட்களைப் பார்வையிடும் நேரம் நான்கிலிருந்து ஆறு வரை. நிலையத்துக்கு வெளியே நின்ற முச்சக்கர வண்டியில் பையோடு ஏறிவிட்டேன். ஓட்டியவர் காத்தான்குடியைச் சேர்ந்த நௌஷாத், நாற்பது வயதிருக்கும். ஏல வீடு இருந்த சின்ன உப்போடைக்கு இரண்டு கிலோமீட்டர், 300 ரூபா. எதற்காக வந்தேன் என்று கேட்டார், சொன்னேன்.

“சாராயப் போத்தில்ட கழுத்துல தொங்கிற தகட்டுக்கா கொழும்புல இரிந்து வந்தீங்க?”

“ஓம்.”

“போத்தில்?”

“போத்தில் வேண்டாம்.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “அப்ப பறுவாயில்ல. நாளைக்கும் நானே வாறன்.”

வீடு வாவிக்கரையில் இருந்தது. பின்முற்றத்துக்கு இறங்கினால் நாலடியில் தண்ணீர், தோணி ஒன்று கட்டிக்கிடந்தது. விற்பவர் ஐரின் அன்ரி, அறுபத்தேழு வயது, கணவர் எட்வின் இறந்து இரண்டு வருடம். ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே கூரையைக் காட்டினார். “மேல பாருங்க மகள். ஓடெல்லாம் இறங்கிற்று. இந்த மாரிக்கு முதல் மாத்தாட்டி நான் குடைக்குள்ளதான் படுக்கோணும்.”

கூடத்து மேசையில் முப்பத்தெட்டுப் பொருட்கள். வெட்டுக் கண்ணாடி டிகாண்டர்கள், பித்தளைத் தக்கைத் திருகிகள், சாராய அளவைக் கிண்ணங்கள், மெழுகு முத்திரை உடையாத ஒரு கறுப்புப் போத்தில். பட்டியலில் அதுதான் ராஜா, அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகத் திறக்கப்படாத தென்னஞ்சாராயம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியது பதினேழாம் இலக்கம், மூன்று தகடுகள் சேர்ந்த ஒரு தொகுதி. அரக், பிராந்தி, ஜின். லென்ஸை வைத்துப் பார்த்தேன். வெள்ளி ரூபாயைத் தட்டித் தகடாக்கியிருக்கிறார்கள், நாணய விளிம்பின் பல் ஓரிடத்தில் இன்னும் தெரிந்தது. ‘அரக்’ என்பதில் இரண்டு ‘ஆர்’ வரவேண்டும், ஒன்றுதான் இருந்தது. மூன்றும் ஒரே கைவேலை, நூறு வருடத்துக்குக் குறையாது என்று குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது, வெட்கத்தோடு வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஏலம் பத்து மணிக்கு. தங்கிய அறைக்கு 5,500 ரூபா கட்டிவிட்டு ஒன்பதரைக்கே போய்விட்டேன். முப்பது பேர் வரை வந்திருந்தார்கள். முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், அவருக்குப் பக்கத்தில் பாசிக்குடாவில் ஹோட்டல் நடத்துபவர். நௌஷாத் வெளிவாசல் கேற்றடியில் நின்றார். ஏலக்காரர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கூவினார்.

பன்னிரண்டாம் இலக்கம் கறுப்புப் போத்தில். ஐம்பதாயிரத்தில் தொடங்கியது. வியாபாரியும் ஹோட்டல்காரரும் விடாமல் ஏற்றினார்கள். ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரத்தில் ஏலக்காரர் “ஒருதரம்” என்றபோது, ஐரின் அன்ரி கதிரையை விட்டு எழுந்தார்.

“நில்லுங்க தம்பி. அதுக்குள்ள சாராயம் இல்ல.”

ஏலக்காரர் சுத்தியலைப் பிடித்தபடியே நின்றார்.

“எழுபத்தெட்டுச் சூறாவளி அடிச்சு அடுத்த நாள், இந்தக் கூடத்துக்கு மேல வானம்தான் இரிந்திச்சு. உடையாமக் கிடந்தது இந்தப் போத்தில் ஒண்டுதான். எட்வினும் கூட்டாளிமாரும் சுத்திவர இருந்து குடிச்சிட்டாங்க. பிறகு மாமாவுக்குத் தெரிஞ்சா ஏசுவார் எண்டு தேயிலை போட்டுத் தேத்தண்ணி ஊத்தி அடைச்சது. மெழுகை உருக்கிக் குடுத்தது நான்.”

யாரோ சிரித்தார்கள். வியாபாரி சிரிக்கவில்லை. “அப்ப மத்த சாமானை எப்படி நம்புறது?” என்று எழுந்தார். பின்வரிசையில் இரண்டு பேர் வெளியே நடக்கத் தொடங்கினார்கள். ஏலம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும் என்று நினைத்தேன். ஐரின் அன்ரியின் முகம் சிவந்திருந்தது. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“பட்டியல் எழுதக்குள்ளயே நான் சொல்லியிரிக்கோணும். வாய் வரல்ல. இனி ஒவ்வொண்டா சொல்றன். தெரிஞ்சத தெரியும் எண்டுவன், தெரியாதத தெரியாது எண்டுவன். வேணுமெண்டா வாங்குங்க.”

அப்படியே செய்தார். இந்தத் தட்டு வெள்ளி இல்லை, பூச்சு. இந்தக் குடுவையின் மூடி வேறொரு குடுவையினுடையது. இந்தத் திருகி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நௌஷாத் கேற்றடியிலிருந்து மெல்ல மெல்லக் கூடத்து வாசலுக்கே வந்துவிட்டார். வெளியே போன இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பதினேழாம் இலக்கம் வந்தது. “அரக்கும் ஜின்னும் எட்வின்ட அப்பப்பா வெட்டினது. எழுத இடம் காணாம ஒரு எழுத்த விட்டுட்டார். பிராந்தி பழசு இல்ல. எங்கட கலியாணத்துக்குப் பிறகு எட்வின் வெட்டினது, சோடி சேரோணும் எண்டு.”

நேற்று லென்ஸோடு ஒரு மணி நேரம் பார்த்தவள் நான். ஒன்றும் தெரியவில்லை. அந்த மனிதர் அவ்வளவு அழகாக வெட்டியிருந்தார்.

என் எல்லை அறுபதாயிரம். வியாபாரி ஐம்பத்தெட்டு வரை வந்தார். நான் அறுபது என்றேன், குரல் கீச்சென்று வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இனி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். சுத்தியல் விழுந்தது.

கடைசியில் போத்திலை மறுபடி ஏலம் விட்டார்கள், ‘பழைய போத்தில், உள்ளே தேத்தண்ணி’ என்று. ஹோட்டல்காரர் இருபத்திரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு, ஐரின் அன்ரியிடம் அதன் கதையைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச்சொல்லி வாங்கிப்போனார். அன்றைக்கு அதிகம் வாங்கியவர் யார் தெரியுமா? அந்த வியாபாரிதான். கேற்றடியில் என்னிடம் சொன்னார்: “இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இது புதுசு, இது பூச்சுன்னு விக்கிறவங்க வாயால கேட்டதே இல்ல. இங்க வாங்காம எங்க வாங்குறது?”

கூரைக்குப் போதுமான பணம் சேர்ந்ததா என்று ஐரின் அன்ரியிடம் கேட்டேன். முன்பக்கத்துக்குக் காணும், பின்பக்கத்துக் குசினிக்கு அடுத்த வருடம்தான் என்றார். ‘ஒருதரம்’ சொன்ன பிறகு ஏன் எழுந்தீர்கள் என்றும் கேட்டேன்.

“வாங்கினவர் ஒரு நாளைக்குத் திறப்பார்தானே மகள். நாலு பேர கூப்பிட்டு, கிளாஸ்ல ஊத்தி, வாயில வைக்கக்குள்ள தேத்தண்ணி. அந்த மனுசன்ட முகம் எனக்கு இஞ்ச இரிந்தே தெரிஞ்சிது.”

நௌஷாத் கல்லடிப் பாலம் தாண்டி ஆறு கிலோமீட்டரில் இருக்கும் காத்தான்குடிக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். ஆட்டிறைச்சிச் சோறு 950 ரூபா. இறங்கும்போது அவர் சொன்னார்: “நான் வாழ்க்கைல சாராயம் தொட்டதில்ல மெடம். ஆனா அந்தப் பொம்புள இரிக்கிற வீட்டு வாசல்ல இன்னொருக்கா நிக்கலாம்.”

இப்படிப்பட்ட ஏலங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பார்வையிடும் நாளைத் தவறவிடாதீர்கள், விற்பவர் வீட்டில் இருந்தால் லென்ஸை விட அவரோடு பேசும் பத்து நிமிடம் பெரிது. முத்திரை உடையாத மது என்றால் விற்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். காசாகக் கொண்டுபோங்கள். வெள்ளியை ரப்பர் பட்டியால் கட்டாதீர்கள், கறுத்துவிடும். பருத்தித் துணி போதும். ரயிலை நம்பி அதே நாளில் ஏலத்துக்குப் போகாதீர்கள்.

கொழும்பு திரும்பிய ஞாயிறு என் தகடுகளின் பதிவுக் கொப்பியை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். ‘பிராந்தி’க்கு நேரே எட்வினின் பெயரை எழுதினேன். பிறகு பழைய நாற்பத்து மூன்றையும் பார்த்துக்கொண்டு போனேன். அவற்றில் பதினொன்றுக்கு, விற்றவர் சொன்ன வயதை நான் அப்படியே எழுதி வைத்திருந்தேன், நூற்றைம்பது வருடம், இருநூறு வருடம் என்று. அந்த வயதுகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘தெரியாது’ என்று எழுதினேன்.